உருளை இழுத்தவன் வீசிய பந்து

கிரிக்கெட்டில் பழங்கதை பேச உட்கார்ந்தவர்கள் ஜெயித்த ஆட்டத்தோடு எழுந்து போவதில்லை. தோற்றதையும் கைநழுவிப் போனதையும்தான் கூடுதலாகப் பேசுகிறார்கள். எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே எப்போதும்வென்றான் என்று பேர் வாய்த்த எங்கள் ஊரிலும் இதில் மாற்றம் கிடையாது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்ததை ஐந்து நாளும் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 348 எடுத்தால் வெற்றி. 347ல் மணிந்தர் சிங் அவுட். கிரெக் மாத்யூஸ் பந்து காலில் பட்டது. "ஒத்த ஓட்டம்லே, ஒத்த ஓட்டம். ரவி சாஸ்திரி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வேடிக்கை பாக்கான்" என்று ஒரு மாமா சொல்லும்போது கடையில் டீ ஆறிப்போகும். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த டீன் ஜோன்ஸ் பேர் வந்தால் எதிரி என்ற நினைப்பே இல்லாமல் ஒரு மரியாதை வரும். 1999 ஜனவரியில் முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டத்தில் தோற்றது, தோற்ற பிறகு சேப்பாக்கமே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது, எல்லாம் நேற்று நடந்தது போல வரும்.

எகிறுகிற பிட்ச் என்றால் இரண்டு ஆட்டம் நிச்சயம். ஒன்று 1975 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கம். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டத்துக்கு 7 பேரைச் சாய்த்தார். இந்தியா 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. குட்டையான மனுசன், நெஞ்சுக்கு எகிறி வருகிற பந்தை நுனிக்காலில் நின்று ஸ்கொயர் கட் அடித்தார். அந்த ஆட்டத்தை இந்தியா 100 ஓட்டத்தில் ஜெயித்தது. அந்த 97ஐச் சதத்துக்கு மேலாக மதிப்பவர்கள் பலர். இன்னொன்று 1992 பிப்ரவரியில் பெர்த். டெண்டுல்கர் 114. இந்தியா தோற்றது 300 ஓட்டத்தில்! தோல்வியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பின்னங்காலில் போய் அடித்த அடிதான் நிற்கிறது.

நானும் இந்தப் பேச்சில் ருசி கண்டவன்தான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலில் தமிழ் வர்ணனை கேட்ட பெரியவர்கள் அதே ஏற்ற இறக்கத்தோடு ஆட்டத்தைத் திரும்பச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். 2020ல் அவர் காலமானபோது எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிப்பது போலப் பேசிக்கொண்டார்கள். ஆகவே ரசிகர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'பிட்ச் எகிறுச்சு' என்கிற வாக்கியம்.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. செய்தவன் வாக்கியத்தில் இருக்க மாட்டான், ஆனால் அவன் இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'பிட்ச் எகிறுச்சு' என்பதில் பிட்ச் எழுவாயாக வந்து நிற்கிறது, மழை பெய்தது, காற்று அடித்தது என்பது போல. பிட்ச் மழையா? ஒருவன் மண் சலித்து, தண்ணீர் விட்டு, வெயில் பார்த்து, உருளை இழுத்து, புல் செதுக்கி உண்டாக்கியது அது. அந்த ஆள்தான் இந்த வாக்கியத்தின் தோன்றா எழுவாய். அவன் யார், அவன் கையில் பந்து வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் ரசிகர் நினைவில் இல்லை.

ஆதாரம் இல்லாததால் மறந்துபோனது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1983 ஜூன் 18ல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9க்கு 4 என்று கிடந்தபோது கபில்தேவ் வந்து 175 அடித்தார். 16 பவுண்டரி, 6 சிக்ஸர். கிர்மானியோடு ஒன்பதாவது விக்கெட்டுக்கு 126, அதில் கிர்மானிக்கு 24. அந்த ஆட்டத்துக்குத் திரைப்பதிவு கிடையாது. டி.வி.யில் அதைப் பார்த்தவன் இந்தியாவில் ஒருத்தனும் இல்லை. இருந்தும் எந்தப் பந்து எந்தப் பக்கம் போனது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு! படமே இல்லாத ஆட்டம் ஒரு நாட்டின் நினைவாக நிற்க முடிகிறது. ஸ்கோர் புத்தகம், பத்திரிகைச் செய்தி, தம்பி எழுதிய நூல் எல்லாம் இருந்தும் பல்வங்கர் பாலூ நிற்கவில்லை. ரசிகர் நினைவு என்பது ஏட்டைப் பார்த்து வருவதல்ல. அது சொத்து மாதிரி கைமாறி வருவது. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைப் பொறுத்து அது வரும், வராமலும் போகும்.

பாலூ 1876ல் தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்கிற சாமர் சாதி. நம் பக்கத்தில் சக்கிலியர் என்று இழிவாகக் கூப்பிடப்பட்டு இன்று அருந்ததியர் என்று நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற மக்களுக்கு எது தொழில் என்று விதிக்கப்பட்டதோ அதே தொழில். தகப்பனாருக்கு ராணுவத்தில் வேலை, பூனாவில் வாசம். வெள்ளைக்கார அதிகாரிகள் போட்டுவிட்டுப் போன மட்டையையும் பந்தையும் வைத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள். பையனுக்கு முதலில் கிடைத்த வேலை பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். மைதானம் கூட்டுவது, பிட்ச் உருட்டுவது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். மாதம் 4 ரூபாய். உருளை இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும், டென்னிஸ் மைதானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலையில் பயிற்சிக்கு வருகிற துரைகளுக்குப் பந்து போட ஆள் வேண்டுமே. பாலூ போட்டார். இடது கை மெதுசுழல். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பிய மட்டையாளர்களில் பேர்பெற்றவர் ஜே.ஜி. கிரெய்க். அவர் மற்றவர்களுக்கு முன்னாலேயே மைதானத்துக்கு வந்து பாலூவைப் பந்து போடச் சொல்லிப் பழகுவாராம். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. எட்டு தடவை அவுட் ஆக்கினால் ஒரு மாதச் சம்பளம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, இன்னொன்று நிஜம். பூனா கிளப்பில் வேலை பார்த்த அத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட பாலூ கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டை பிடிப்பது எசமானர் காரியம். பந்து போடுவது வேலைக்காரன் காரியம். ரசிகர்கள் 'மறக்க முடியாத அடி' என்று ஸ்ட்ரோக்கை மட்டும் எண்ணுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையென்று என்னால் நினைக்க முடியவில்லை. அடித்தவனைப் பாடுவதும் போட்டவனை விட்டுவிடுவதும் விளையாட்டோடு கூடவே வந்த பழக்கம்.

பூனாவின் இந்து கிளப்புக்கு வெள்ளையனை ஜெயிக்க வேண்டும். நல்ல பந்துவீச்சாளர் இருக்கிறான், ஆனால் தொடக்கூடாதவன். உறுப்பினர்களுக்குள் சண்டை நடந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்ட லட்சணம் எப்படி? மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடுவார்கள். தேநீர் வேளையில் அவருக்கு பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு!

இதைப் படிக்கிற கரிசல்காட்டு வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. சிரட்டையிலும் தனிக் குவளையிலும் டீ குடித்த கதை நம் தாத்தாக்கள் வாயிலிருந்தே வந்தது.

சாத்தாராவில் ஐரோப்பியர் கிளப்போடு ஆடப் போனபோது நடந்ததை பிட்ச் ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பாலூவின் சுழலுக்குப் பயந்து அங்கே பிட்சை நாள்கணக்கில் உருட்டி உருட்டிக் கெட்டியாக்கி வைத்தார்கள். பந்து பிடிக்கக்கூடாது, திரும்பக்கூடாது. பாலூ அதற்கும் விக்கெட் எடுத்தார். ஏன் எடுக்க மாட்டார்? எத்தனை உருட்டுக்கு மண் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்த மைதானத்தில் யார் இருந்தார்கள்? வருசக்கணக்கில் தானே இழுத்த உருளை அது. ஊர் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டது. அவரோடு சேர்ந்து விளையாடலாம் என்றால் சேர்ந்து உண்ணலாம் என்று மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் பேசினார். மாலை போட்டார்கள். மாலை போட்ட ஊரில் குவளை உடனே மாறிவிடவில்லை.

1896க்குப் பிறகு பாலூ பம்பாய்க்கு வந்தார். பி.பி.சி.ஐ. ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவில் ஆட்டம். அங்கேயும் முதலில் எதிர்ப்பு, பிறகு அனுமதி. 1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. வித்தியாசம் 109. பாலூவும் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் 212 எடுக்க வேண்டியிருந்த வெள்ளைக்காரர்கள் 102ல் சுருண்டதில் பாலூவின் கைக்குப் பெரிய பங்கு. ஆளுகிறவனை அவன் விளையாட்டிலேயே, அவன் மைதானத்திலேயே வீழ்த்திய ஆட்டம். 'லகான்' படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஸ்கோர் தெரியும்?

லகான் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2001ல் வந்த அந்தப் படத்தின் கதை 1893ல் நடக்கிறது. அதில் கச்ரா என்றொரு தீண்டப்படாதவன். பேருக்கே அர்த்தம் குப்பை. ஊனமான கையால் பந்து தானாகவே சுழல்கிறது. நாயகன் அதைக் கண்டுபிடித்து ஊரோடு வாதாடி அணியில் சேர்க்கிறான். அதே 1893ல் பூனாவில் 17 வயசுப் பாலூ நிஜமாகவே உருளை இழுத்துக்கொண்டும் துரைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டும் இருந்தார். அவர் கைக்கு ஊனம் இல்லை. பழக்கத்தாலும் புத்தியாலும் வந்த சுழல் அது. கற்பனைக்காரர்களுக்கு நம்மவன் திறமைசாலியாக இருப்பது போதவில்லை. அது விபத்தாகவும், இன்னொருவன் கருணையால் வெளிவருவதாகவும் இருந்தால்தான் கதை ருசிக்கிறது. எஸ். ஆனந்த் இந்தப் படத்தின் சாதி அரசியலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. 23 ஆட்டங்களில் 15 தோல்வி. மகாராஜாவுக்கு ஆட்டத்தைவிட விருந்துகள் அதிகம். அந்தத் தோற்ற அணியில் பாலூ எடுத்தது 114 விக்கெட், சராசரி 18.84. அப்போது அவருக்கு 35 வயது. முதல்தர ஆட்டக் கணக்கு முழுவதையும் பார்த்தால் 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. கணக்குப் பிரியர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியதே 1932ல், அதற்கு முந்தியதை எப்படி நினைவில் வைப்பது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, ரஞ்சித்சிங்ஜி? அவர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ஆடியது இங்கிலாந்துக்காக, 1896லிருந்து 1902 வரை. அவருடைய லெக் கிளான்ஸ் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1934ல் தொடங்கிய தேசியக் கோப்பைக்கு அவர் பேர். நவாநகர் ராஜா அல்லவா! மட்டை பிடித்தவர் அல்லவா! அந்தக் கோப்பையின் முதல் ஆட்டம் அதே வருசம் நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்தது, ஒரே நாளில் மைசூரை மதராஸ் முடித்துவிட்டது. எம்.ஜே. கோபாலன் முதல் பந்து போட்டார், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். தமிழ்நாட்டு ரசிகர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. பாலூ பேரில் அப்படி ஒரு தேசியக் கோப்பை கிடையாது.

பாலூவை இந்து அணிக்கு ஒருபோதும் தலைவராக்கவில்லை. 1920ல் தலைவர் எம்.டி. பய் உடல்நலமில்லாமல் விலக, அனுபவத்தில் முந்திய பல்வங்கர்களை விட்டுவிட்டு தேவ்தரைத் தலைவராக்கினார்கள். பாலூ அணியிலேயே இல்லை. தம்பிகள் விட்டலும் சிவராமும் சும்மா இருக்கவில்லை. நாங்கள் ஆட மாட்டோம் என்று வெளியேறி, காரணத்தை அறிக்கையாக வெளியிட்டார்கள். இந்திய கிரிக்கெட்டில் சாதிக்கு எதிராக நடந்த வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். இறுதி ஆட்டத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. சகோதரர்கள் திரும்பினார்கள், பாலூ துணைத் தலைவரானார், பய் மைதானத்தை விட்டு வெளியே போய் நின்று பாலூ கையில் அணியைக் கொடுத்தார். 1923ல் விட்டல் முறைப்படி தலைவரானார். அவர் தலைமையில் ஐரோப்பியரை வென்று கோப்பை வந்தது. உயர்சாதி ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். விட்டல் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் எழுதி 1948ல் புத்தகமாக்கினார். ராமச்சந்திர குகா 2002ல் இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதியபோது அந்தப் புத்தகமே பெரிய துணையாக இருந்தது. சாட்சியம் என்று நாம் இந்தப் பக்கங்களில் எதைச் சொல்லிவருகிறோமோ அது அது.

இதுவரை மற்றவர்களைக் கேட்டாயிற்று. இனி நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தலித் இயக்கத்தின் மேடைகளில், சுவரொட்டிகளில், அட்டைப்படங்களில் பாலூ ஏன் இல்லை?

காரணம் தெரிந்ததுதான். 1911ல் இங்கிலாந்திலிருந்து திரும்பியவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயில் பாராட்டு நடத்தினார்கள். அதில் இளம் அம்பேத்கருக்குப் பங்கு இருந்தது. நம்மில் ஒருவன் இப்படி நிமிர முடியும் என்பதற்கு அந்தத் தலைமுறைக்குக் கண்முன் இருந்த ஆள் பாலூ. ஆனால் 1932ல் தனித்தொகுதிக் கோரிக்கையில் பாலூ அம்பேத்கரோடு நிற்கவில்லை. நம் மதராஸ் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்துகளோடு பாலூ கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக அவரையே நிறுத்தியது. பாலூ தோற்றார்.

எனக்கு இதில் பாலூ செய்தது சரி என்ற எண்ணம் இல்லை. தப்பு. மாலைக்கும் யானை ஊர்வலத்துக்கும் ஒரு விலை இருந்தது, அந்த விலையை அவர் அரசியலில் கொடுத்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் தனித்தட்டில் சாப்பிட ஆரம்பித்து, பிறகு அதே அணியோடு ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தவருக்கு, இந்துக்கள் மனம் மெல்ல மாறும் என்று நம்பிக்கை பிறந்திருந்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை நாம் புரிந்துகொள்ள முடியாதா? அவர் கண்ணால் கண்டது அதுதான். அம்பேத்கர் கண்டது மைதானத்துக்கு வெளியே இருந்த கோடிக்கணக்கான பேரை. அந்தப் பேருக்குப் பந்து கிடையாது, மட்டை கிடையாது, தேநீரே கிடையாது. எதிரணியில் நின்றார் என்பதற்காக 179 விக்கெட்டையும் அவர்களிடமே விட்டுவிடுவதா? அவர்களும் வைத்துக்கொள்ளவில்லை, நாமும் எடுத்துக்கொள்ளவில்லை. 1955 ஜூலை 4ல் பம்பாயில் அவர் இறந்தார்.

மதராஸ் கதை வேறு மாதிரி. இங்கே கிரிக்கெட்டின் தந்தை என்று புச்சிபாபு நாயுடுவைச் சொல்வார்கள். சேப்பாக்கத்தில் மதராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு ஆடப் போகும் இந்தியர்கள் பெவிலியனுக்குள் நுழையக் கூடாது, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த அவமானம் பொறுக்காமல் 1888ல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பது வரலாறு. 1908ல் அவர் இறந்துபோக, அந்த வருசக் கடைசியில்தான் இந்தியர் ஐரோப்பியர் மாகாண ஆட்டம் ஆரம்பித்தது. பின்னால் அதுவே பொங்கல் ஆட்டமாகி, பொங்கல் டெஸ்டுக்கு வழிவிட்டது. அவமானத்துக்குப் பதிலாகக் கிளப் தொடங்கியதை நாம் மதிக்கிறோம். மரத்தடி அவமானம் ஒவ்வொரு கிரிக்கெட் நூலிலும் இருக்கிறது. மண் குவளை அவமானத்தைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் வெளியே உட்காரவைத்தால் அது தேசிய அவமானம். நம்மாள் நம்மாளை வெளியே உட்காரவைத்தால் அது வழக்கம்.

இனி மண்ணுக்கு வருகிறேன். மண்ணைப் பற்றிப் பேச கரிசல்காரனுக்கு உரிமை உண்டு.

பிட்சில் பந்து எகிறுவதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. மண்ணில் களி எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எந்த ஈரத்தில் உருளை ஏறியது, புல்வேர் எவ்வளவு பிடித்திருக்கிறது, இதுதான் விசயம். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை மாசம் எங்கள் காட்டு வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். களி அதிகம் உள்ள மண் ஒட்டிப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்கும், அதனால் பந்து மெதுவாகவும் தாழ்வாகவும் வரும் என்பார்கள். செம்மண்ணில் நன்றாக எகிறும், சீக்கிரம் பொடியவும் செய்யும். சேப்பாக்கத்தில் இரண்டு மண்ணிலும் பிட்ச் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு ஆடியபோது செம்மண் பிட்ச். அஸ்வின் 113 அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தார். இப்போது டி.வி.யில் மண்ணின் நிறம் வரைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். மண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் மண் சுமந்தவனுக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஊர்க் கிரிக்கெட் என்பது அறுப்பு முடிந்த காட்டிலும் வற்றிய கண்மாயிலும்தான். கோவில்பட்டிக்கு ஹாக்கி நகரம் என்று பேர், அது வேறு பெருமை, மட்டையும் மைதானமும் பள்ளிக்கூடமும் வேண்டும். கிரிக்கெட்டுக்கு ரப்பர் பந்தும் பலகையும் போதும். ஆனால் பிட்ச் வேண்டுமே. வெடித்த கரிசலில் பந்து குத்தினால் வெடிப்புக்குள்ளேயே போய்விடும். கண்மாய்க் கரம்பையை வெட்டி வந்து வெடிப்பில் நிரப்ப வேண்டும், மேலே கொஞ்சம் செவல் மண் பரப்ப வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், திமிசு போட வேண்டும். இந்த வேலை எங்கள் தெருப் பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தானியக் களம் செதுக்கி, மிதித்து, சாணி மெழுகி இறுக்கியது நம் அப்பன் ஆத்தாதானே. நெல்லோ கம்போ சோளமோ, களம் யாருடையதோ, அதைக் கல் போல ஆக்கியது நாம். களம் ஆன பிறகு பொலி அளக்கிற இடத்தில் நாம் தூரத்தில் நின்றோம். பிட்ச் ஆன பிறகும் கொஞ்சம் அப்படித்தான் நடந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பேர் வேண்டாம், பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த சுழற்கோப்பைப் போட்டிக்கு எங்கள் அண்ணன்மார் அணி போனது. பிட்ச் போட முந்தின நாளே ஆள் கேட்டார்கள், போனோம். ஆட்டத்தில் எங்களை முதல் சுற்றிலேயே வைத்துத் தள்ளிவிடப் பார்த்தார்கள், நடக்கவில்லை, ஜெயித்தோம். இடைவேளையில் எல்லா அணிக்கும் டீ வந்தது. மற்ற அணிகளுக்கு எவர்சில்வர் தம்ளர். எங்களுக்கு மட்டும் பேப்பர் கப். "சுத்தம்டா, பேப்பர் கப்புதான் சுத்தம்" என்று சொல்லி நீட்டினார் ஒருவர். எங்கள் அணித் தலைவர் கப்பை வாங்கி, குடிக்காமல், ஸ்டம்புக்குப் பின்னால் ஊற்றினார். "பிட்சு காஞ்சு கெடக்கு, தண்ணி தெளிக்கணும்லா" என்றார். அரையிறுதியில் தோற்றோம். அந்தத் தோல்வியை எங்கள் தெருவில் 97 நாட் அவுட் போலத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். பூனா மண் குவளையைப் பற்றிப் பல வருசம் கழித்துப் படித்தபோது எனக்கு அது பழைய செய்தியாகத் தெரியவில்லை.

இந்த ஊர்க் கிரிக்கெட் இப்போது சினிமாவுக்கு வந்திருக்கிறது. 2024ல் மட்டும் இரண்டு படம். ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்தில் சாதியால் பிரிந்த இரண்டு அணிகளைக் காட்டியது. தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' ஊர் அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பதைச் சொன்னது. அதற்குப் பத்து வருசம் முன்னால் சுசீந்திரனின் 'ஜீவா' தமிழ்நாட்டு அணித் தேர்வில் சாதி நுழைவதைத் தொட்டது. சினிமா என்றாலே சமரசம் உண்டு, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் கச்ராவுக்குத் தேவைப்பட்ட ரட்சகன் இவர்களுக்கு அந்த அளவு தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தேன்.

வலைக்குப் பந்து போடுகிறவன் கதை பாலூவோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போன இந்திய அணியோடு சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் போனது வலைப் பந்துவீச்சாளராகத்தான். தறி வேலை பார்த்த அப்பா, ரோட்டோரம் கறிக்கடை போட்ட அம்மா. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடி வந்தவர். ஒவ்வொருவராகக் காயம்பட்டு விலக, அவர் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், கடைசியில் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றும் ஆடினார். எகிறுகிற பிட்சுக்குப் பேர்போன பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டம் கொடுத்து 3 விக்கெட். அதே ஆட்டத்தில் வாஷிங்டன் சுந்தர் 3 விக்கெட்டோடு 62 ஓட்டமும் எடுத்தார். கடைசி நாள் பந்த் அடித்த 89தான் ஊர்ப் பேச்சு. அது பேச வேண்டிய அடிதான்.

நான் இப்போது எங்கள் வட்டாரத்து அணிகளின் ஸ்கோர் நோட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு எழுதியவை. பாதி கரையான் அரித்துப்போனது, பாதி வீடு மாறும்போது எடைக்குப் போனது. கிடைத்தவற்றில் ஆட்டக்காரர் பேரும் ஓட்டமும் முன்பக்கம் இருக்கின்றன. ஒரு நோட்டில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் செலவுக் கணக்கு. பந்து, சுண்ணாம்பு, கயிறு, டீ. அதற்குக் கீழே 'பிட்ச் வேலை' என்று தலைப்புப் போட்டு, அன்றைக்கு மண் வெட்டியவர், தண்ணீர் சுமந்தவர், திமிசு போட்டவர் என்று ஒன்பது பேர் பேரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பேருக்கு நேரேயும் ஒரு டிக் அடித்து வைத்திருக்கிறார்கள்.